பதினோரு ஓட்டைகள்

பிக்கப் வண்டியின் இடப்பக்கக் கதவு மூன்று வாரமாகச் சரியாக மூடவில்லை.

கண்ணாடிக்காரர் முதலில் பழியைத் தாழ்ப்பாள் மேல் போட்டார். தாழ்ப்பாளை மாற்றினார். பிறகு கீல் மேல் போட்டார். கீலுக்கு எண்ணெய் விட்டார். கடைசியில் கதவு வேலை பார்ப்பவரிடம் கொண்டுபோனார். அவர் கேபினுக்கும் பின் தொட்டிக்கும் நடுவிலிருந்த சந்தில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது கதவு இல்ல சார். அடியில சேஸிஸ் சட்டம் தொங்குது. வெல்டர்கிட்ட காட்டுங்க."

"எந்த வெல்டர்?"

"சேஸிஸ் வேலைக்கு இந்தப் பக்கம் ஒரே ஆளுதான். உங்களுக்குச் சொந்தம்தானே?"

சிக்கலே அதுதான்.

கண்ணாடிக்காரர் இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடி ஏற்றுகிறவர். மூக்கின் மேல் கண்ணாடி போட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் எப்போதும் இருக்கும். அவருடைய வண்டியில் பதினான்கு வருடமாகக் கூட நின்று தூக்கியவன் அவர் மனைவியின் தம்பி. கண்ணாடியை ஒருவரால் தூக்க முடியாது. இரண்டு பேர் தூக்கினாலும் நான்கு கால்களும் ஒரே ஆளுடையதுபோல நடக்க வேண்டும். இவர்கள் இரண்டு பேரும் அப்படித்தான் நடந்தார்கள்.

போன மழைக்காலம் முடிந்ததும் கண்ணாடி உடையத் தொடங்கியது. ஆறு வாரத்தில் மூன்று. மூன்றும் வண்டியில் போகும்போதே, ஸ்டாண்டில் கட்டியபடியே விரிசல் விட்டவை. மூன்றாவது உடைந்த அன்று கண்ணாடி டிப்போ முற்றத்தில் எட்டுப் பேர் முன்னால் கண்ணாடிக்காரர் மைத்துனனைப் பார்த்துச் சொன்னார்: "கயிறு கட்டத் தெரியாத கைக்குக் கண்ணாடி எதுக்கு? போய் மூட்டை தூக்கு."

மைத்துனன் தோல் கையுறைகளைக் கழற்றி பானெட் மேல் வைத்தான். நடந்து போனான். மறுநாள் முதல் சிமென்ட் குடோனில் நிஜமாகவே மூட்டை தூக்கினான்.

அந்த மைத்துனனின் மனைவிதான் வெல்டர்.

அதன் பிறகு கண்ணாடிக்காரர் இரண்டு புது ஆட்களை வைத்துப் பார்த்தார். ஒருவன் வலது காலை முதலில் வைத்தான். இன்னொருவன் நடக்கும்போது தும்மினான். இப்போது சனிக்கிழமை ஒரு மருத்துவமனையின் முகப்புக்குப் பத்தடிக் கண்ணாடி ஒன்று போக வேண்டும். டிப்போ முதலாளி தெளிவாகச் சொல்லிவிட்டார்: "கயிறு எப்படியோ, உங்க அடிக்குச் சரியா நடக்கறவன் உங்க மச்சான் ஒருத்தன்தான். அவன் கூட வந்தா ஏத்துங்க. இல்லன்னா வேற வண்டி. இதுவும் உடைஞ்சா, நமக்குள்ள இருந்த சகவாசம் அத்தோட சரி."

வீட்டிலும் நிலைமை சரியில்லை. மனைவி பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டை மேசையில் வைக்கும் சத்தத்தில்தான் அன்றைய வானிலை தெரியும்.

புதன்கிழமை காலை அவர் வண்டியை வெல்டரின் தகரக் கொட்டகைக்குள் விட்டார்.

வெல்டர் முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள்.

"வாங்கண்ணே. மூட்டை தூக்கறவன் வீட்டுப் பக்கம் வழி தவறி வந்துட்டீங்களா?"

"வண்டியக் காட்ட வந்தேன் தங்கச்சி."

"காட்டுங்க. வண்டிக்கும் எனக்கும் ஒரு சண்டையும் இல்ல."

அவள் சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனாள். கையில் கூர்முனைச் சுத்தி. நீளவாக்கில் ஓடிய இரண்டு உள்ளீடற்ற இரும்புச் சட்டங்களையும் முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். டிங். டிங். டிங். வலப்பக்கம் முழுவதும் டிங். இடப்பக்கம் பாதி வரை டிங். கேபின் முடிகிற இடத்தில் சத்தம் மாறியது. ஊறிய அட்டையைத் தட்டியதுபோல ஒரு 'சொத்'. அடுத்த தட்டில் சுத்தியின் மூக்கு உள்ளே போய் மாட்டிக்கொண்டது.

"படுத்து உள்ள வாங்கண்ணே."

"எதுக்கு?"

"நான் சொன்னா, புருஷனுக்கு வக்காலத்து வாங்கறேன்னு சொல்வீங்க. நீங்களே பாருங்க."

அவர் தரையில் கோணி விரித்து நகர்ந்து போனார். அவள் அவருடைய சுட்டுவிரலைப் பிடித்து ஓட்டைக்குள் விட்டாள். விரல் கணு வரை போனது. உள்ளே இரும்பு, பழைய பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

வெளியே வந்ததும் அவள் இன்னொன்று செய்தாள். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஜாக்கி வைத்து இடது மூலையை மட்டும் கொஞ்சம் தூக்கினாள்.

"இப்ப கதவை மூடுங்க."

மூடவில்லை. கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே கீழே ஒரு விரல் போகிற சந்து, மேலே மூன்று விரல் போகிற அளவு விரிந்திருந்தது. தொட்டியில் நின்ற கண்ணாடி ஸ்டாண்டும் அதோடு சேர்ந்து சாய்ந்திருந்தது.

"ஒவ்வொரு பள்ளத்துலயும் இதுதான் நடந்திருக்கு. அடி முறுக்கிக்குது. கயிறு லூசா இருந்திருந்தா கண்ணாடி கொஞ்சம் நகர்ந்து தப்பிச்சிருக்கும். இறுக்கிக் கட்டினதால நகர வழியில்லாம உடைஞ்சிருக்கு."

கண்ணாடிக்காரர் ஜாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதாவது..."

"அதாவது, கட்டத் தெரிஞ்ச கைதான் கட்டியிருக்கு."

"எப்படியும் நீ அவன் பொண்டாட்டி."

"அதனாலதான் விரலை விட்டுப் பார்க்கச் சொன்னேன். விரல் உங்களோடதுதானே?"

அவர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நம்ப முடியாததற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. இந்த வண்டியைப்போலப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்ட வண்டி அந்த வட்டாரத்தில் கிடையாது. வாரம் ஒருமுறை கழுவுவார். அடிப்பாகத்துக்குக்கூட எண்ணெய்த் துணி போடுவார். மற்ற டிரைவர்கள் "மாப்பிள்ளை வண்டி" என்று கேலி பேசுவார்கள்.

"வெளிய எங்கயாவது துரு இருக்கா பாரு. ஒரு பொட்டு காட்டு."

"இல்லதான். உள்ளேருந்து அரிச்சு வந்திருக்கு. அதான் எனக்கும் புரியல."

"உள்ள எப்படித் தண்ணி போகும்? அதுக்கும் நான் வழி பண்ணியிருக்கேனே. அடியில வரிசையா ஓட்டை இருந்துச்சு. பதினோரு ஓட்டை. ரோட்டுத் தண்ணி அடிச்சு உள்ள போயிடும்னு எட்டு வருஷத்துக்கு முன்னாடியே எல்லாத்தையும் அடைச்சிட்டேன். ரப்பர் வெச்சு, மேல தார் பூசி. கம்பெனிக்காரனுக்கே தோணாத வேலை."

வெல்டர் மறுபடி அடியில் போய் டார்ச் அடித்துப் பார்த்தாள். தார் பூசிய வட்டங்கள், ஒன்று போல அழகாக, சட்டைக்குப் பொத்தான் தைத்ததுபோல வரிசையாக இருந்தன. அவள் வெளியே வந்து குறடை அவரிடம் நீட்டினாள்.

"ஒண்ணைக் கழட்டுங்க."

அவர் கழற்றினார். ரப்பர் வரவேண்டிய இடத்தில் முதலில் தண்ணீர் வந்தது. பழுப்பாக, திக்காக, அவர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் ஓடியது. நின்றுவிடும் என்று காத்திருந்தார். நிற்கவில்லை. ஒரு நிமிடம் கழித்துத் தண்ணீரோடு இலை இலையாகத் துருவும் கொட்டியது.

"கடைசியா மழை பெஞ்சு பன்னெண்டு நாள் ஆச்சு" என்றார் அவர்.

"அந்த ஓட்டை தண்ணி உள்ள போறதுக்கு இல்லண்ணே. வெளிய வர்றதுக்கு."

"அப்ப உள்ள எப்படிப் போச்சு?"

"மேல எத்தனை வழி இருக்கு! ஒயர் போற ஓட்டை, போல்ட் ஓட்டை, மூலைச் சந்து. தண்ணி யாரைக் கேட்டுட்டு உள்ள போகுது? போனது திரும்பி வர்ற வழியத்தான் நீங்க அடைச்சிட்டீங்க."

அவர் மீதிப் பத்தையும் தானே கழற்றினார். அவள் செய்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டினார். கொட்டகைத் தரையில் ஒரு பழுப்புக் குட்டை தேங்கியது. பக்கத்து டயர் கடை நாய் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது.

"மேல ஒரு தகடு வெச்சு ஒட்டிட்டா?" என்று அவர் கேட்டார்.

"துரு மேல ஒட்டினா, பத்த வெச்சது துருவைத்தான் பிடிச்சிட்டு நிக்கும். துரு எதைப் பிடிக்கும்? ரெண்டு மாசத்துல வண்டி முதுகு ஒடிஞ்சு ரோட்டுல உக்காரும். அறுத்து எடுக்கணும். நல்ல இரும்பு தெரியற வரைக்கும் அறுத்து, புதுத் துண்டு வைக்கணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தரேன்."

"சரி." கொஞ்சம் நின்றார். "வீட்ல அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடும்மா. வண்டி அரிச்சிருந்துச்சு, அதான் உடைஞ்சுதுன்னு."

"அரிச்சிருந்துச்சா, அரிக்க வெச்சீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"ஒண்ணுன்னா நீங்களே சொல்லுங்க. திட்டும்போது ஆள் விட்டா திட்டினீங்க? நேர்லதானே? நான் வாயே திறக்க மாட்டேன். இரும்பை ஒட்டறதுக்குத்தான் எங்கிட்ட வெல்டிங் ராடு இருக்கு."

வியாழக்கிழமை முழுவதும் அவர் கொட்டகையிலேயே இருந்தார். வெல்டர் அவரை விரட்டவில்லை. டார்ச் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

முதலில் பேட்டரியைக் கழற்றினாள். டீசல் டாங்கை இறக்கி வெளியே கொண்டுபோய் வைக்கச் சொன்னாள். நான்கு இடத்தில் முட்டுக் கொடுத்து, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தாள். பிறகு சேஸிஸின் இரண்டு பக்கத்திலும் சாக்பீஸால் குறி வைத்து, மூலைக்கு மூலை குறுக்காக அளந்தாள். இரண்டு அளவுக்கும் ஒரு விரல் வித்தியாசம். தொங்கிய பக்கத்தை ஜாக்கியால் மயிரிழை மயிரிழையாகத் தூக்கி, இரண்டு குறுக்களவும் சமமான பிறகு, அசையாமல் இருக்க இரும்புக் கோணச் சட்டங்களைத் தற்காலிகமாக ஒட்டினாள். அதற்கே மதியம் ஆகிவிட்டது.

"இன்னும் அறுக்கவே ஆரம்பிக்கலயேம்மா."

"கோணலா இருக்கும்போது ஒட்டினா கோணலே நிரந்தரமாயிடும். நீங்க கண்ணாடியைச் சாய்ச்சு வெச்சுட்டா அளப்பீங்க?"

கிரைண்டர் பாடத் தொடங்கியது. துருப்பிடித்த பகுதியைத் தாண்டி, பொறி வெள்ளையாகப் பறக்கிற இடம் வரை அறுத்தாள். ஒன்றரை முழ நீளத்துக்குத் துண்டு வந்தது. நேராக அறுக்காமல் சாய்வாக அறுத்தாள். நேர்வெட்டில் ஒட்டினால் பாரமெல்லாம் ஒரே கோட்டில் வந்து விழும் என்று அவர் கேட்காமலேயே சொன்னாள்.

அந்த நேரத்தில் கண்ணாடிக்காரருக்கு ஓர் ஆர்வம். கதவு இப்போது மூடுகிறதா என்று பார்க்க கேபினுக்குள் ஏறி உட்கார்ந்தார்.

"இறங்குங்க!"

அவர் எழுந்த வேகத்தில் தலை கூரையில் இடித்தது.

"அறுத்துப் போட்டது உங்க சீட்டுக்குக் கீழண்ணே. நல்லவேளை, முட்டு தாங்கிச்சு. அண்ணிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அவ கேக்க மாட்டா. எங்கிட்டப் பேசறதே இல்ல."

வெல்டர் சிரித்துவிட்டாள். இரண்டு நாளில் அதுதான் முதல் சிரிப்பு. உடனே முகமூடியை இறக்கிக்கொண்டாள்.

அதே கனத்தில் புது இரும்பை வளைத்து உள்ளே பொருத்தினாள். ஒரே மூச்சில் ஒட்டவில்லை. இங்கே இரண்டு அங்குலம், ஆறவிட்டு அந்தக் கோடியில் இரண்டு அங்குலம். சூடு ஒரு பக்கமாகச் சேர்ந்தால் சேஸிஸ் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். வெள்ளிக்கிழமை மதியம் கோணங்களை வெட்டி எடுத்து, துரு பிடிக்காமலிருக்கத் துத்தநாகப் பிரைமர் அடித்தாள். நீளக் குழாயால் உள்ளே மெழுகு எண்ணெய் பீய்ச்சினாள். கடைசியாக அடியிலிருந்த துளைகளை ஒவ்வொன்றாகக் கம்பி விட்டுக் குத்தித் திறந்தாள். புதுத் துண்டிலும் துளை போட்டாள்.

கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார்.

"இப்படியே திறந்து விடணுமா? சும்மா ஒரு வலையாவது..."

"விரலை ஒடிச்சிடுவேன்."

கதவை மூடினார். ஒரே தள்ளில் மூடியது.

அங்கிருந்து நேராக சிமென்ட் குடோனுக்குப் போனார். மைத்துனன் தலை முதல் கால் வரை சாம்பல் நிறமாக வந்தான். கண்கள் மட்டும் ஈரமாகத் தெரிந்தன. அதுவும் சிமென்ட் தூசி செய்த வேலை.

"என்ன மாமா, மூட்டை வேணுமா?"

"நாளைக்கு வா. பத்தடிக் கண்ணாடி."

"கயிறு கட்டத் தெரியாதே."

"வண்டி அரிச்சிருந்துச்சு. அதான் உடைஞ்சுது. கயிறு இல்ல."

"எப்படி அரிச்சுது? நீங்கதான் குழந்தையைக் குளிப்பாட்டற மாதிரி குளிப்பாட்டுவீங்களே."

கண்ணாடிக்காரர் குடோன் சுவரைப் பார்த்தார். "பழைய வண்டி" என்றார்.

மைத்துனன் தலையிலிருந்த தூசியைத் தட்டினான். "வரேன். அக்காவுக்காக வரேன்."

வேலை முடிந்தது என்றுதான் கண்ணாடிக்காரர் நினைத்தார். அன்று இரவு தட்டு சத்தமில்லாமல் மேசைக்கு வந்தது.

சனிக்கிழமை காலை டிப்போ முற்றத்தில் அதே எட்டுப் பேர் இருந்தார்கள். கண்ணாடி ஸ்டாண்டில் ஏறியது. மைத்துனன் கயிற்றை எடுத்தான். முதலாளி அலுவலக வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"தம்பி, இந்தத் தடவையாவது ஒழுங்காக் கட்டுப்பா. மூணு போச்சு உன்னால."

ஒருவன் சிரித்தான். மைத்துனன் நிமிரவில்லை. முடிச்சைப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டான். பதினான்கு வருடத்தில் அவன் ஒரு முடிச்சை இரண்டு முறை போட்டு யாரும் பார்த்ததில்லை.

கண்ணாடிக்காரர் டிரைவர் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்திருந்தார். காலை வெளியே எடுத்தார்.

"அவனால போகல. என்னால போச்சு."

"என்னது?" என்றார் முதலாளி.

"சேஸிஸ் அடியில தண்ணி வடியறதுக்கு ஓட்டை இருக்கும். அதை ரப்பர் வெச்சு அடைச்சேன். எட்டு வருஷம் தண்ணி உள்ளயே நின்னு அரிச்சிருக்கு. வண்டி முறுக்கி, கண்ணாடி உடைஞ்சிருக்கு. இவன் கயிறு சரியாத்தான் கட்டியிருக்கான். நான்தான் தெரியாம பேசிட்டேன்."

 கண்ணாடி அறுக்கும் ஆள் கேட்டான்: "அப்ப மாப்பிள்ளை வண்டிக்கு நீர்க்கோவையா?"

எட்டுப் பேரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். "வண்டிக்கு மூடி போட்ட ஆளை இப்பத்தான்யா பார்க்கறேன்" என்றார். கண்ணாடிக்காரர் காது சிவக்க வண்டியில் ஏறினார். மைத்துனன் மறுபக்கம் ஏறிக் கதவை மூடினான்.

மருத்துவமனைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். வழியில் ஏழு வேகத்தடை, ஒரு ரயில்வே கேட். ஒவ்வொரு தடையிலும் கண்ணாடிக்காரர் பின்னால் காதை வைத்தார். ஸ்டாண்ட் முனகவில்லை. ரயில்வே கேட்டைத் தாண்டியதும்தான் மைத்துனன் வாயைத் திறந்தான்.

"மாமா, அந்த ஓட்டையை அடைக்கலாம்னு சொன்னது நான்."

"என்ன உளர்ற?"

"ஒருநாள் மழையில டயர் கடையில ஒதுங்கி நின்னோமே. நான்தான் அடியில பார்த்துட்டு, இது வழியா சேறு போகும்னு சொன்னேன். ரப்பரை வெட்டிக் கொடுத்ததும் நான். தார் பூசினதுதான் நீங்க."

கண்ணாடிக்காரருக்கு அந்த மழை ஞாபகம் வந்தது. டயர் கடை ஞாபகம் வந்தது. ரப்பர் துண்டுகளை உள்ளங்கையில் வைத்து நீட்டிய கையும் ஞாபகம் வந்தது. எட்டு வருடமாக அதைத் தன்னுடைய மூளை என்று ஊரெல்லாம் சொல்லிவந்திருக்கிறார்.

"இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

"எட்டுப் பேர் சிரிச்சிட்டிருந்தாங்க மாமா. பயமா இருந்துச்சு."

ஏழாவது வேகத்தடை வந்தது. அவர் கியரைக் குறைத்து, சக்கரத்தைச் சாய்வாக ஏற்றி இறக்கினார். 

முதலாளி ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்திருந்தார். கண்ணாடியின் நான்கு ஓரத்திலும் விரலை ஓட்டிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு எதிராகக் குனிந்து பார்த்தார். திருப்தியாக இருந்ததால் அவருக்கு மறுபடியும் கேலி வந்தது.

"அது சரி, ஓட்டையை அடைக்கற அந்த அபாரமான யோசனை உங்களுக்கு எப்படிய்யா வந்துச்சு? யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?"

மைத்துனன் கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு கை பாதியில் நின்றது.

"யாரு சொல்லணும்? என் யோசனைதான்" என்றார் கண்ணாடிக்காரர்.

கண்ணாடி தூக்குகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் நிற்பவர் "ம்" என்பார். அதற்குப் பிறகு கீழே வைக்கும்வரை இருவரும் வாய் திறக்கக் கூடாது. பேசினால் மூச்சு மாறும், மூச்சு மாறினால் அடி மாறும். மைத்துனன் என்னவோ சொல்ல வாயெடுத்தான்.

கண்ணாடிக்காரர் "ம்" என்றார்.

இரண்டு இடது கால்கள் ஒன்றாக நகர்ந்தன.